வலிக்கு ரிக்கார்டு எங்கே என்று கேட்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஜூலை 26ஆம் தேதியும் கார்கில் வெற்றி நாள் என்று பத்திரிகைகள் படம் போட்டு எழுதுகின்றன, உயிரை விட்டவர்களை மறக்காமல் நினைக்கின்றன, அதற்கு நன்றி. நான் எழுத வந்தது உயிரோடு திரும்பி வந்தவர்களைப் பற்றி. அதிலும் கை கால் எல்லாம் இருக்கிறது, தெருவில் பார்த்தால் ஆள் திடகாத்திரமாகத்தான் தெரிகிறார், ஆனால் இடுப்பும் முழங்காலும் கழுத்தும் வருடக்கணக்கில் ஒரு நாள் விடாமல் வலிக்கிறது என்று இருப்பவர்களைப் பற்றி. இவர்களுக்கு மெடலும் கிடையாது, செய்தியில் இடமும் கிடையாது. சரி, அதெல்லாம் வேண்டாம். வைத்தியமாவது ஒழுங்காகக் கிடைக்கிறதா என்றால் அதற்கே படாத பாடு பட வேண்டியிருக்கிறது.

நான் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். 155 மில்லிமீட்டர் பீரங்கியின் குண்டு ஒன்று சுமார் 43 கிலோ இருக்கும். 1999 கார்கில் சண்டையில் நம் பீரங்கிப் படை குண்டு, மார்ட்டார், ராக்கெட் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சத்துக்கு மேல் சுட்டது என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் அவை தானாகப் போய்ப் பீரங்கிக்குள் உட்காரவில்லை, லாரியிலிருந்து இறக்கியது, அடுக்கியது, மறுபடி தூக்கிப் பீரங்கிக்குக் கொடுத்தது எல்லாமே ஆள்தான், அதுவும் மூச்சு வாங்குகிற உயரத்தில், குளிரில் விறைத்த முதுகோடு. சண்டை இல்லாத காலத்திலும் பயிற்சியில் இதே வேலைதான். காலாட்படைக்காரன் முதுகில் மூட்டையோடும் ஆயுதத்தோடும் மலை ஏறி இறங்கியே முழங்காலைத் தேய்த்திருப்பான். டேங்க், பி.எம்.பி. என்கிற கவச வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த அதிர்வு இடுப்பில் இறங்கியிருக்கும். பாராசூட்டில் குதித்தவர்களைக் கேட்கவே வேண்டாம். சியாச்சினில் 1984 ஏப்ரலிலிருந்து நம் ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே பனிக்கடி வாங்கி விரல் தப்பித்து வந்தவர்கள்கூட ராத்திரியானால் பாதம் எரிகிறது, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்பார்கள், நரம்பு கெட்டுப்போனதன் வலி அது, வெளியே ஒரு தழும்புகூடத் தெரியாது. கண்ணிவெடியில் காலை இழந்தவருக்கு இல்லாத காலே வலிக்கிறது. இதையெல்லாம் வயதானால் எல்லாருக்கும் வருகிற மூட்டு வலியோடு சேர்த்து ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள் என்பதுதான் என் முதல் குறை.

ஏன் அப்படி எழுதுகிறார்கள்? ரிக்கார்டு இல்லை. ஏன் ரிக்கார்டு இல்லை? இங்கேதான் வெளி ஆட்களுக்குப் புரியாத விஷயம் இருக்கிறது. சர்வீஸில் இருக்கும்போது முதுகு வலிக்கிறது என்று எம்.ஐ. ரூமுக்கு, அதாவது யூனிட்டின் மருத்துவ அறைக்குப் போனால் புரூஃபன் மாத்திரை கொடுப்பார்கள், மிஞ்சினால் உடற்பயிற்சிக்கு வர வேண்டாம் என்று இரண்டு நாள் எக்ஸ்க்யூஸ் பி.டி. கிடைக்கும். மூன்றாம் தடவை போனால் யூனிட்டில் 'காம்சோர்' என்று பெயர் வந்துவிடும், அதாவது வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவன். அதையும் மீறி மருத்துவமனை வரை போய் ஸ்கேன் எடுத்து டிஸ்க் விலகியிருக்கிறது என்று வந்தால் லோ மெடிக்கல் கேட்டகிரியில் போட்டுவிடுவார்கள், எல்.எம்.சி. என்போம். அது விழுந்துவிட்டால் ப்ரமோஷன், கோர்ஸ், ஐ.நா. மிஷன் எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை. குடும்பம் இருக்கிற எந்த மனிதன் போய் ரிப்போர்ட் செய்வான்? வலியை முழுங்கிக்கொண்டு வெளியே டிக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிறான். நல்ல சிப்பாய் என்று எல்லாரும் முதுகில் தட்டுகிறார்கள், அதே முதுகில்.

அப்புறம் பணி முடிந்து வெளியே வரும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு உட்காருகிறது. அன்றைக்குத்தான் அவன் வாயைத் திறக்கிறான். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள், அல்லது வலி ஆரம்பித்தது சண்டை இல்லாத ஊரில், அதாவது பீஸ் ஸ்டேஷனில், எல்லைப் பக்கத்து ஃபீல்டில் இல்லை, ஆகவே பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று எழுதுவார்கள். எங்களுக்குள் இதற்கு என்.ஏ.என்.ஏ. என்று பெயர், அப்படி எழுதிவிட்டால் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடையாது. டிஸ்க்கும் குருத்தெலும்பும் பீஸ் ஸ்டேஷன், ஃபீல்டு ஸ்டேஷன் பார்த்துத் தேய்வதில்லை. பத்து வருடம் மலையில் தேய்ந்தது பதினோராம் வருடம் சமவெளிக்கு வந்த பிறகுதான் உயிரை எடுக்க ஆரம்பிக்கும்.

சட்டம் இதில் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சேரும்போது உடம்பைப் பரிசோதித்து நோய் எதுவும் இல்லை என்று எழுதித்தான் எடுத்துக்கொண்டார்கள், ஆகவே பிறகு வந்த குறைபாடு பணியால் வந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுகிற பொறுப்பு அரசுடையது, சிப்பாய் நிரூபிக்க வேண்டியதில்லை. போர்டு இல்லை என்று எழுதினால் காரணமும் எழுத வேண்டும். இது வந்து எத்தனை வருடம் ஆகிறது பாருங்கள். இன்றும் ஒருவர் பின் ஒருவராக ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போய் இதே தீர்ப்பைக் காட்டி இதே உத்தரவை வாங்க வேண்டியிருக்கிறது, அங்கே ஜெயித்தால் அரசு மேல்முறையீடு போகிறது. 2007இல் அந்தத் தீர்ப்பாயத்துக்குச் சட்டம் கொண்டுவந்ததே சிப்பாய்க்குச் சீக்கிரம் நியாயம் கிடைக்கட்டும் என்றுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில் தப்பு நடக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு, அதைக் காரணமாகச் சொல்லித்தான் 2023இல் விதிகளையே மாற்றினார்கள். தப்பு நடக்கவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரத்த அழுத்தம், சர்க்கரை என்று கடைசி வருடத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதற்காக வடிகட்டியை இறுக்கினால் மாட்டுவது யார்? விவரம் தெரிந்தவன், எந்த டாக்டரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அறிந்தவன் எப்படியும் வாங்கிவிடுவான். காம்சோர் பட்டம் வந்துவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன்தான் வெறுங்கையோடு போகிறான்.

பணத்தை விடுங்கள். ஓய்வூதியத்தில் கூடுதலாக வருவது முக்கியம்தான், ஆனால் நான் இன்று கேட்பது வைத்தியம். முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம், இ.சி.எச்.எஸ்., 2003 ஏப்ரல் 1இல் ஆரம்பித்தார்கள். இதை இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். பெயரிலேயே பங்களிப்பு இருக்கிறது, இப்போது வெளியே வருகிற சிப்பாய் முதல் ஹவில்தார் வரை 30,000 ரூபாய் கட்டிவிட்டுத்தான் கார்டு வாங்குகிறார்கள். இந்தத் திட்டத்தால் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அதை மறுத்தால் நாக்கு அழுகிவிடும். மாரடைப்பு வந்தால் ஸ்டென்ட் வைக்கிறார்கள், புற்றுநோய்க்குப் பார்க்கிறார்கள், கண்புரைக்கு அறுவை செய்கிறார்கள், கையிலிருந்து பணம் கட்டாமல்.

வலிக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தால், இந்த ஏற்பாடு முழுக்க ஒரு தடவை வந்து ஒரு தடவை முடிகிற நோய்க்காகச் செய்யப்பட்டிருக்கிறது. இ.சி.எச்.எஸ். நடத்துகிற பாலிகிளினிக்குக்குப் போக வேண்டும், டாக்டர் பார்த்து ரெஃபரல் எழுத வேண்டும், பொறுப்பு அதிகாரி கையெழுத்து ஆக வேண்டும், அதை எடுத்துக்கொண்டு பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போக வேண்டும், ரெஃபரல் காலாவதியானால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. ஸ்டென்ட் வைக்க ஒரு ரெஃபரல் போதும். வருடக்கணக்காக இருக்கிற இடுப்பு வலிக்காரனுக்கு எத்தனை வேண்டும்? பாலிகிளினிக் மாவட்டத் தலைநகரத்தில் இருக்கும், இவன் எங்கோ ஒரு மூலையில் இருப்பான், உட்கார்ந்தால் வலிக்கிறவனை இரண்டு பஸ் மாற்றி வரச்சொல்லி பெஞ்சில் உட்கார வைப்பதே ஒரு தண்டனை. டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிற முகங்களைப் பார்த்தாலே யாருக்கு இடுப்பு என்று சொல்லிவிடலாம், அவர்கள் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பார்கள்.

பட்டியலில் உள்ள மருத்துவமனைகளும் எங்களைக் கடைசியில்தான் கூப்பிடுகின்றன. அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இ.சி.எச்.எஸ். கட்டணம் மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தின் கட்டணத்தை ஒட்டி வருவது, அதில் ஒரு நிபுணரைப் பார்ப்பதற்கு 2023 வரை 150 ரூபாய்தான் வைத்திருந்தார்கள், அப்புறம் 350 ஆக்கினார்கள். அதுவும் போட்ட பில்லுக்குப் பணம் வர மாதக்கணக்கில் ஆகிறது. பில் தாமதம், மருந்துத் தட்டுப்பாடு, ஆள் பற்றாக்குறை என்று அரசுக் கணக்கைத் தணிக்கை செய்கிற சி.ஏ.ஜி. 2015லேயே தணிக்கை அறிக்கையில் எழுதிவிட்டது. ஆபரேஷன் என்றால் மருத்துவமனைக்கும் ஏதாவது நிற்கும், அதனால் இடம் கிடைக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்து வலி எங்கே, எப்போது கூடுகிறது, தூங்க முடிகிறதா என்று கேட்பதில் யாருக்கும் காசு இல்லை. ஆகவே நடப்பது என்னவென்றால், ஸ்கேன் எடு, ஆபரேஷன் செய்துகொள்கிறாயா, வேண்டாமா, வேண்டாம் என்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போ. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வைத்தியம்தான் வலிக்கு உண்மையான வைத்தியம், அது எங்களுக்கு எட்டுவதில்லை.

ஸ்கேன் விஷயமும் ஒன்று. எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்தும் வலியே இல்லாமல் இருப்பவர்கள் உண்டு, ஸ்கேன் சுமாராகத்தான் இருக்கிறது, ஆனால் எழுந்து நடக்க முடியவில்லை என்பவர்களும் உண்டு, இதை எந்த நல்ல டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியை உலக சுகாதார நிறுவனமே தன் நோய்ப் பட்டியலில் தனியாகச் சேர்த்துவிட்டது, அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வலி நீடித்தால் நரம்பு மண்டலமே உணர்ச்சி கூடிப்போய், ஆரம்பக் காயம் ஆறிய பிறகும் வலியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். ஆக, படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று ஒருவனைத் திருப்பி அனுப்புவது வைத்தியமும் இல்லை, அறிவியலும் இல்லை.

அதே நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சிச் சிகிச்சை, வலியைப் பற்றி நோயாளிக்குப் புரியவைப்பது, மனநல ஆலோசனை இதெல்லாம் உதவும் என்கிறது. இடுப்பு பெல்ட், முதுகை இழுத்து வைக்கிற டிராக்‌ஷன், அபின் வகையான ஓபியாய்டு மாத்திரை இதெல்லாம் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு பீரோவில் என்ன இருக்கிறது தெரியுமா? பெல்ட். ஒருவரிடம் இரண்டு மூன்றுகூட இருக்கும். ஆனால் ஒழுங்காக உட்கார்ந்து பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிசியோதெரபிஸ்டை வாரம் இரண்டு தடவை, தொடர்ந்து சில மாதம் பார்க்க முடிந்தவர் யார் என்று கேட்டால் கை தூக்க ஆள் இல்லை. சிறிய பாலிகிளினிக்குகளில் அதற்கு ஆளும் இடமும் போதாது, வெளியே அனுப்பினாலோ மறுபடி அந்த ரெஃபரல் கதை, நாலு நாள் போவதற்குள் நிற்கும். பயிற்சியை நடுவில் விட்டால் செய்ததும் போச்சு.

மாத்திரைகளைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் போகிற விஷயம் இருக்கிறது. வலி மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், கிட்னி போகும், ரத்த அழுத்தம் கூடும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரிகாபலின், காபாபென்டின் போன்ற மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, மெதுவாகத்தான் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் போகும், வியர்க்கும், படபடப்பு வரும். இந்த மாதம் ஸ்டாக் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்று ஜன்னலில் சொல்வது காய்ச்சல் மாத்திரைக்குச் சொல்கிற மாதிரி எளிதாகச் சொல்லிவிடுகிற வார்த்தை. வெளியில் வாங்கிவிட்டு பில் போட்டுத் திரும்பப் பெறலாம் என்று விதி இருக்கிறது, சிறு ஓய்வூதியக்காரன் முதலில் போடுகிற பணத்துக்கு எங்கே போவான் என்பதற்கு விதி இல்லை. டிராமடால் என்கிற ஓபியாய்டு வலி மாத்திரையை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதால். சரியான முடிவாகவே இருக்கட்டும். ஆனால் அதன் பிறகு வலிக்காரனுக்கு வேறு என்ன வழி என்று உட்கார்ந்து பேச ஒரு டாக்டர் வேண்டாமா?

பேச ஆள் இல்லாதவன் கேன்டீன் ரம்மிடம் போகிறான். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், யாரும் எழுதுவதில்லை. ராணுவத்தில் இருந்து வந்தவர், அதனால் குடிக்கிறார் என்று ஊர் சொல்லும். ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பு வலியில் எழுந்து உட்கார்ந்திருப்பவனை ஊர் பார்ப்பதில்லை, மனைவிதான் பார்க்கிறாள். தூக்கம் இல்லை, எரிச்சல், பிள்ளைகளிடம் கத்துவது, வேலைக்குப் போன இடத்தில் செக்யூரிட்டியாகப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியாமல் விட்டுவிடுவது, அப்புறம் நான் எதற்கும் லாயக்கில்லை என்கிற நினைப்பு. எலும்பு டாக்டர் இதைக் கேட்க மாட்டார், மனநல டாக்டரிடம் போகச் சொன்னால் எனக்கென்ன பைத்தியமா என்று இவன் கோபப்படுவான். இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கிற வலி மருத்துவப் பிரிவு என்று ஒன்று பெரிய மருத்துவமனைகளில் வந்துவிட்டது, அங்கே எங்களை அனுப்புவதற்கு ஒரு நேரான வழி வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அங்கே முன்னாள் வீரர்களின் வலிக்கு ஓபியாய்டை அள்ளிக் கொடுத்து எத்தனையோ பேரை அடிமையாக்கிவிட்டு, அப்புறம் அதைக் குறைப்பதற்குத் தனியாக ஒரு திட்டம் போட வேண்டி வந்தது, இன்றும் வரிசையில் காத்திருப்பதாக அங்குள்ளவர்களும் புலம்புகிறார்கள். ஆனால் 2018இல் அவர்கள் போட்ட சட்டத்தின் கீழ் ஒரு கெடு வைத்திருக்கிறார்கள், நிபுணரை 28 நாளுக்குள் காட்ட முடியாவிட்டால் அந்த வீரர் அரசு செலவில் வெளியே காட்டிக்கொள்ளலாம். நமக்கு வெளி மருத்துவமனை இருக்கிறது, கெடுதான் இல்லை. எத்தனை நாள் காத்திருந்தால் அது தாமதம் என்று யாருமே எழுதி வைக்கவில்லை என்றால் எந்தத் தாமதத்தைப் பற்றி யாரிடம் புகார் செய்வது?

இதைவிடப் பெரிய கவலை நாலு வருடத்துக்கு மட்டும் படையில் எடுக்கிற அக்னிவீர் பையன்கள். நாலு வருடம் முடிந்து போகிறவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, இ.சி.எச்.எஸ்.ஸும் இல்லை. பணியில் ஊனம் ஏற்பட்டால் அளவைப் பொறுத்து 44, 25, 15 லட்சம் என்று ஒரு தடவை கொடுக்கிற தொகை உண்டு, அது நேரடியாகத் தெரிகிற ஊனத்துக்கு. இருபத்திரண்டு வயதில் வெளியே வருகிறவனுக்கு முதுகு அன்றைக்கே வலிக்காது, முப்பத்தைந்தில் வலிக்கும். அப்போது அவனிடம் கார்டும் இருக்காது, ரிக்கார்டும் இருக்காது. நாலில் ஒருவரைத்தான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால், அந்த நாலு வருடமும் எவனும் வலி என்று வாயைத் திறக்கவே மாட்டான், நாங்கள் ப்ரமோஷனுக்காக மறைத்ததைவிட இவர்கள் அதிகம் மறைப்பார்கள்.

என் கேட்பு பெரிதாக ஒன்றும் இல்லை. எம்.ஐ. ரூமில் சொல்கிற வலி கேட்டகிரியைத் தொடாமல் முதலில் வெறும் பதிவாகவாவது நிற்கட்டும், குண்டு தூக்கியவன், டேங்க் ஓட்டியவன், சியாச்சின் போனவன் என்று என்ன வேலை எத்தனை வருடம் செய்தான் என்பதையே போர்டு ஆதாரமாக எடுத்துக்கொள்ளட்டும், அது ஏற்கெனவே அவர்களிடமே இருக்கிற ரிக்கார்டு. இ.சி.எச்.எஸ்.ஸில் நாள்பட்ட வலி என்று டாக்டர் ஒரு தடவை எழுதிவிட்டால் ஒரு வருடத்துக்கு ஒரே ரெஃபரல் செல்லட்டும், பிசியோதெரபிக்கும் சேர்த்து, வீட்டுக்கு அருகில் உள்ள இடத்தில். 2021 மே மாதம் செஹத் ஓ.பி.டி. என்று ஆன்லைனில் டாக்டரைப் பார்க்கிற வசதி கொண்டுவந்தார்கள், மாத்திரையைத் தொடர்வதற்கு மட்டும் பஸ் ஏறி வருகிறவர்களுக்கு அதையே ஒழுங்காகப் பயன்படுத்தலாம், வாரத்தில் ஒரு நாள் வலி நிபுணரை அதில் உட்கார வைத்தால் கட்டடம்கூட வேண்டாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்ட நிருபர்கள் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்கு வந்தால் மனு வாங்குகிற படத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த தடவை தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாலிகிளினிக்கிலும் பிசியோதெரபிஸ்ட் இடம் எத்தனை, அதில் ஆள் இல்லாமல் எத்தனை, கடந்த வருடம் வலி மருத்துவப் பிரிவுக்கு எத்தனை பேரை அனுப்பினார்கள். பதில் வந்ததும் அப்படியே போடுங்கள். நாங்கள் கேட்டால் அதைக் குறை சொல்லும் கடிதம் என்று ஃபைலில் வைத்துவிடுகிறார்கள், பத்திரிகை கேட்டால் பதில் எழுதத்தான் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார், பீரங்கிப் படை
(பெயரும் முகவரியும் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், வெளியிட வேண்டாம்)